சமுத்திரமே சாட்சி

ஒரு தேசத்தார் தம் முன்னோர் பெருமையை எடுத்துரைக்கும்போது, ‘சான்று எங்கே?’ என்று பிறர் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்குச் சினங்கொள்வது விடையாகாது. பழம்பெருமை பேசிவிட்டு உறங்கப் போவதும் விடையாகாது. செய்து காட்டுவதொன்றே விடை. பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவினர் 1976-ஆம் வருஷத்தில் அத்தகைய விடையை உலகத்துக்கு அளித்தனர். தேசாபிமானமுடைய அன்பர்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் அவசியமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

வழக்கு இன்னதென்பதை முதலிற் கூறுவோம். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூஸீலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் கோடிகளாகக் கொண்ட பெருங்கடற் பரப்பில் சிதறிக் கிடக்கும் தீவுகளில், ஒரே குடும்பத்து மொழிகளைப் பேசும் ஜனங்கள் ஐரோப்பியர் வருமுன்னரே குடியேறி வாழ்ந்தனர். இரும்பும் திசைகாட்டியும் இல்லாத அவர்கள் அங்கே சென்றது எவ்வாறு? தம் மூதாதையர் விண்மீன்களால் வழியறிந்து ஓடஞ் செலுத்தி வந்தனர் என்பது அவர்களுடைய கர்ணபரம்பரை. ஐரோப்பியப் பண்டிதர் பலர் இதை ஏற்கவில்லை. நார்வே தேசத்துத் தார் ஹையர்தால் 1947-இல் பெரு நாட்டிலிருந்து ஒரு தெப்பத்தில் ஏறி, காற்றும் நீரோட்டமும் கொண்டுசெல்ல 101 நாளில் ஒரு தீவையடைந்து, இத்தீவுகளில் முதலிற் குடியேறியவர் தென் அமெரிக்கரே என்று வாதித்தார். ஆண்ட்ரூ ஷார்ப் என்பவரோ, கருவியின்றி நெடுந்தூரத் தீவைக் குறித்து ஓடஞ் செலுத்துதல் இயலாது, வழிதவறியவர்களே தற்செயலாகக் கரையேறினர் என்று 1956-இல் ஒரு நூல் எழுதினார்.

இத்தகைய தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஹவாய் மக்கள் 1893-இல் தம் அரசியின் ஆட்சியை இழந்தனர். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டம் பிறந்தது. 1898-இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நாட்டையும் மொழியையும் இழந்தவர்களை நோக்கி, ‘உங்கள் முன்னோரும் காற்றடித்த திக்கில் ஒதுங்கியவர்களே’ என்றும் சொல்லிவிட்டால், அவர்களிடம் எஞ்சுவது யாது?

1973-இல் மானிட சாஸ்திரியான பென் பின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, கடலோடி டாமி ஹோம்ஸ் ஆகிய மூவர் பாலினீஷியக் கடற்பிரயாண சங்கத்தை நிறுவினர். இரண்டு ஓடங்களை இணையாகப் பிணைத்து, இரு பாய் கட்டிய, ஏறக்குறைய 62 அடி நீளமுள்ள கலம் 1975-இல் நீரில் இறக்கப்பட்டது. அதற்கு ‘ஆனந்த நக்ஷத்திரம்’ என்று பொருள்படும் ஹோக்குலேயா என்னும் பெயரிட்டனர். ஹவாய்க்கு உச்சியிற் செல்லும் அந்நக்ஷத்திரத்தையே நாம் சுவாதி என்கிறோம்.

கலம் ஆயத்தமாயிற்று, வழிகாட்டுவார் இல்லை. அவ்வித்தையை முழுதும் கற்றவர் ஹவாயில் ஒருவரும் மிஞ்சவில்லை. எனவே கரோலைன் தீவுக்கூட்டத்தில், ஒரு சதுர மைல் பரப்புமில்லாத ஸதவால் என்னும் சிறு தீவினரான மௌ பியாலுக் என்பவரை அழைத்து வந்தனர். குழந்தைப் பருவந்தொட்டுப் பாட்டனாரிடம் கடல்வித்தை பயின்றவர் அவர்.

1976 மே மாதம் முதல் தேதி மௌயித் தீவினின்று கலம் புறப்பட்டது. ஏறினவர் ஏறக்குறைய 15 பேர். செல்ல வேண்டிய டஹீதியோ பூமத்திய ரேகைக்கு அப்பால், சுமார் 2,500 மைல் தொலைவில் உள்ளது. திசைகாட்டியில்லை; கடிகாரமில்லை; படமில்லை. எந்த நக்ஷத்திரம் அடிவானத்தில் எவ்விடத்து உதிக்கும், எவ்விடத்து அஸ்தமிக்கும் என்பதே அவருக்குத் திசைகாட்டி. மேகம் மூடிய இரவுகளில், கலத்தின் அடியில் அலை மோதும் விதத்தை உடலால் உணர்ந்து போக்கை அறிந்தார். தெற்கே செல்லச் செல்லத் துருவ நக்ஷத்திரம் தாழ்ந்து மறைந்தது. காற்றும் நீரோட்டமும் மேற்கே தள்ள, டஹீதியோ தெற்கோடு சற்றுக் கிழக்கிலும் இருந்தமையால், கலத்தை இடைவிடாது காற்றுக்கு எதிராகச் சாய்த்தே செலுத்த வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கழிந்தபின் வெண்ணிறக் கடற்பறவைகள் தென்பட்டன. பகலில் இரை தேடி மாலையில் நிலத்துக்கு மீளும் இயல்பின அவை. அதனாற் கரை அணித்தென்று அறிந்தனர். மதைவா என்னும் தாழ்ந்த பவளத்தீவு தோன்றிற்று. ஜூன் 4-ஆம் தேதி டஹீதியின் பபீதே துறையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு அவர்களை வரவேற்றனர்.

எதிர்வாதிகள் கூறுவதையும் கேட்போம். அக்கலம் பழைய முறையில் மரத்தைக் குடைந்து செய்ததன்று. ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும் கொண்டு செய்தது என்பர். உண்மையே. ஆயின் சோதிக்கப்பட்டவை கலத்தின் வடிவமும் வழியறியும் வித்தையுமேயன்றி, பலகையன்று. இன்று இயன்றதனால் அன்று நிகழ்ந்ததென்று ஆகுமோ என்பர். ஆகாது, ஒப்புகிறோம். ஆனால், ‘இயலாது’ என்பதே அவர்கள் வழக்கின் அடிப்படை, அது சரிந்தது. மேலும், மிதந்து செல்லும் கலம் ஹவாயை அடைதல் மிகவும் அரிதென்பதை 1973-இல் வெளியான கணிதயந்திர ஆராய்ச்சியொன்றும் முன்னரே காட்டியிருந்தது. மிதந்து வந்தாரென்னும் கட்சியை ஏடும் கைவிட்டது, கடலும் கைவிட்டது.

இவ்வெற்றியைக் காட்டிலும் பின்னர் நிகழ்ந்தவையே நம் சிந்தனைக்கு உரியவை. அக்கலத்தில் ஏறியவர்களிடையே யாத்திரையிலேயே பிணக்குகள் மூண்டன. மௌ மனம் நொந்து, டஹீதியினின்றே தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். 1978-இல் கலம் நடுக்கடலிற் கவிழ்ந்தது. உதவி நாடி அலைப்பலகையில் ஏறிச் சென்ற எட்டி ஐகௌ என்னும் வீரர் திரும்பவில்லை. இந்நிலையில் நைனோவா தாம்ஸன் என்னும் ஹவாய் இளைஞர் மீண்டும் மௌவிடம் சென்று, கற்பிக்குமாறு வேண்டினார். குலத்தாரன்றிப் பிறர்க்கு உரையாத இரகசிய வித்தை அது. எனினும், தம் தீவிலேயே இளைஞர் அதனை நாடாது போவதைக் கண்டிருந்த மௌ, பெரியோர் சிலரின் கடிந்துரையையும் பொறுத்து, அயலார்க்கு அதை வழங்கினார். 1980-இல் நைனோவா கருவியின்றி டஹீதிக்குச் சென்று மீண்டார். 2007-இல், மௌ அவரையும் வேறு ஹவாயர் நால்வரையும் தலைமை வழிகாட்டிகளாக முறைப்படி ஏற்றார். 2010-இல் மௌ மறைந்தார், வித்தை மறையவில்லை. இதற்கிடையே, 1978-இல் ஹவாய் மொழியும் அந்நாட்டில் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

இதினின்று நாம் துணியும் முடிவு ஒன்றே. ஒரு வித்தையை அந்நியர் அடக்குமுறை பாதி அழிக்கும். உடையவர் பூட்டி வைத்தல் மீதியை அழிக்கும். முன்னதைக் கண்டித்து முழங்குகிறோம். பின்னதைப் பற்றி வாய் திறவோம்.

இரட்டைக் கலங்களுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், நம் கரையின் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லினின்று பிறந்தது. அச்சொல் உலகைச் சுற்றுகிறதென்று மேடைதோறும் பெருமை கொள்கிறோம். அக்கட்டுமரத்தில் வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் அறிந்து, மீனைப் பார்த்தும் விண்மீனைப் பார்த்தும் தொழில் நடத்திய முதியோர் இன்றும் நம் குப்பங்களில் உளர். எந்திரமும் வழிகாட்டும் கருவியும் வந்தபின் அவர்களை வினவுவார் அருகினர். அவர்கள் காலடியில் அமர்ந்து கற்க, நம் கல்லூரி இளைஞர் எத்தனை பேர் சென்றனர்? அவர்களைப் படியாதவரென்று ஒதுக்கிய நாமே, கடலாண்ட தமிழரென்று நம்மைப் புகழ்ந்துகொள்வது நியாயமாகுமா?

சொல்லை உலகுக்குக் கொடுத்தோம் என்பதனால் மட்டும் கடல் நமக்குச் சாட்சி சொல்லாது. அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே சென்று கேட்பதும், கேட்டதைப் பிறர்க்கு ஒளியாது சொல்வதும் செய்தவர்க்கே அது சாட்சி சொல்லும்.