காடு இருக்கு... ஆளுங்க எங்கே?

அமேசான் காட்டை வைத்து 2014-ல் வந்த அனிமேஷன் படம் 'ரியோ 2'. உலகம் முழுக்க சுமார் 50 கோடி டாலர் வசூல். பச்சைப்பசேல் காடு, நீலக் கிளிகள், ஆட்டம், பாட்டம்... எல்லாம் உண்டு, அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்களைத் தவிர!

கதை தெரியாதவர்களுக்காக: ரியோ நகரத்தில் வாழும் ஒரு கிளிக் குடும்பம் அமேசானுக்குப் போகிறது. அங்கே நீலக் கிளிகளுக்கும் சிவப்புக் கிளிகளுக்கும் எல்லைத் தகராறு. பிரேசில் கொட்டை மரங்கள் யாருக்கு என்பதை கால்பந்து ஆடி முடிவு செய்கின்றன. நடுவில் திருட்டுத்தனமாக மரம் வெட்டும் கும்பல் வருகிறது. தடுப்பது யார்? ஒரு பறவை ஆராய்ச்சியாளர், அவருடைய அமெரிக்க மனைவி, அப்புறம் கிளிகள். கிளிக்குக்கூட நில உரிமை இருக்கிறது. பூர்வகுடி மனிதருக்கு ஒரு பாத்திரம்கூட இல்லை.

சரி, நிஜக் கணக்கைப் பார்ப்போம். 2022 கணக்கெடுப்பின்படி பிரேசிலில் பூர்வகுடிகள் சுமார் 17 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் அமேசான் பகுதியில். 2010 கணக்கெடுப்பில் 305 இனங்கள், 274 மொழிகள். மரம் வெட்டும் கும்பலை நிஜத்தில் மறிப்பதும் இவர்கள்தான். அராரிபோயா என்ற இடத்தில் குவாஜஜாரா மக்கள் 'காட்டின் காவலர்கள்' என்று குழு அமைத்து ரோந்து போகிறார்கள். அதில் ஒருவரான பாவ்லோ பாவ்லினோ குவாஜஜாரா 2019 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் அவர் வேலையைக் கிளி பார்க்கிறது!

2009-ல் வந்த 'அப்' இன்னும் மோசம். வெனிசுவேலாவின் மேசை மலைகளையும் ஏஞ்சல் அருவியையும் பார்த்து வரைந்த படம். அந்த அருவிக்கு 'கெரெபாகுபாய் மெரு' என்று பெயர் வைத்த பெமோன் மக்கள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். படத்தில்? வெளியூர்த் தாத்தா, வெளியூர்ப் பையன், வெளியூர் வில்லன், பேசும் நாய்கள். உள்ளூர்க்காரர் என்று பார்த்தால் ஒரு பறவை மட்டும்.

"சின்னப் பசங்க படம்தானே, விடுங்கப்பா" என்பார்கள். விட முடியாது. 1970-ல் பிரேசில் ராணுவ ஆட்சி அமேசானுக்குக் குறுக்கே நெடுஞ்சாலை போட ஆரம்பித்தபோது சொன்ன கோஷம் என்ன தெரியுமா? 'ஆளில்லா நிலம், நிலமில்லா ஆளுக்கு'. ஆள் இல்லாமலா இருந்தது? பூர்வகுடிகளின் நிலத்தைக் கிழித்துக்கொண்டுதான் சாலை போனது, கூடவே நோயும் போனது. யாருமே இல்லாத காடு என்று நம்ப வைத்தால் பிடுங்குவது சுலபம். அதே காலிக் காட்டைத்தான் இந்தப் படங்கள் அழகாக வரைந்து, பாப்கார்னோடு சேர்த்து விற்கின்றன.

"ரியோ 2 இயக்குநர் கார்லோஸ் சல்தான்யா பிரேசில்காரர்தானே?" ஆமாம், ரியோவில் பிறந்தவர். அங்கிருந்து அமேசானின் மனாஸ் நகரம் 2,800 கிலோமீட்டருக்கு மேல். நாடு ஒன்று என்பதால் ஊர் ஒன்றாகிவிடாது. கதாநாயகக் கிளியான ஸ்பிக்ஸ் மக்காவ் அமேசான் பறவையே இல்லை. அதன் சொந்த ஊர் பாஹியா மாநிலத்தின் காட்டிங்கா என்ற வறண்ட முள்காடு. 2022-ல் அதைத் திரும்பப் பறக்கவிட்டதும் அங்கேதான்.

ஆக, பறவையை இடம் மாற்றினார்கள், மனிதர்களை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

யாரும் பாடம் நடத்தச் சொல்லவில்லை. பேசும் நாய்க்கெல்லாம் வசனம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெமோன் பாட்டிக்கு நாலு வரி எழுத வராதா என்ன?