தள்ளுவண்டிக்காரன் பெயர் வசையான கதை

லண்டன் மாநகரத் தெருக்களில் பழமும் காய்கறியும் மீனும் கூவி விற்ற ஏழைகளை ஆங்கிலத்தில் 'காஸ்டர்மாங்கர்' என்று அழைத்தார்கள். 'காஸ்டர்ட்' என்பது ஒரு ஜாதிப் பெரிய ஆப்பிள். 'மாங்கர்' என்றால் விற்பவர். ஆப்பிள் விற்பவர் என்பதே அச்சொல்லின் பிறப்பு. இதில் இழிவு என்ன இருக்கிறது?

ஆனால் ஷேக்ஸ்பியரின் நாடகத்திலேயே அது இழிவுப் பொருளில் வந்துவிட்டது. யுத்த வெறியனுக்கு ஆங்கிலத்தில் 'வார்மாங்கர்' என்று பெயர். உழைத்து ஆப்பிள் விற்றவருக்கும், யுத்தத்தை விற்கும் கொள்ளைக்காரனுக்கும் ஒரே வால் ஒட்டினார்கள்!

யார் இந்தக் காஸ்டர்மாங்கர்கள்? ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1851-ல் வெளியிட்ட நூலில், ஆண், பெண், குழந்தைகளுமாக லண்டனில் சுமார் 30,000 பேர் என்று கணக்கிட்டார். பலருக்கு வண்டி வாடகை வண்டி. சரக்குப் பணம் கடன் பணம். வட்டியோ வாரத்துக்கு 20 சதவீதம்! 100 பவுன் முதலுக்கு வருஷத்தில் 1,040 பவுன் வட்டி! தண்டல்காரனிடம் கைநீட்டிய நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வட்டிக்காரன் ஒரு புறம் பிடுங்கினான். போலீசார் மறு புறம் விரட்டினர். 1867-ல் தெருவில் சரக்கு வைப்பதைத் தடுத்து பார்லிமெண்ட் சட்டம் செய்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அதே வருஷத்திலேயே திருத்தச் சட்டம் கொண்டுவந்து, போலீஸ் விதிகளுக்கு உட்பட்டுத் தெரு வியாபாரிகளுக்கு விலக்கு அளிக்க நேர்ந்தது.

இன்னொன்றையும் மேஹ்யூ எழுதி வைத்தார். இவர்கள் அநேகமாக எல்லோரும் சார்ட்டிஸ்டுகள்! உழைப்பாளிக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய இயக்கம் அது. ஆலைத் தொழிலாளியும் தள்ளுவண்டிக்காரனும் ஒரே கோரிக்கையின் பின்னே நின்றார்கள். இதில் ஆச்சரியமில்லை. வண்டியில் வாங்குகிறவன் கூலிக்காரன். அவன் கூலி குறைந்தால் இவன் சரக்கு அழுகும்.

இன்று நம் ஊர்களில் கூடைக்காரத் தாய்மாரை 'ஆக்கிரமிப்பு' என்கிறார்கள். சொல் புதிது, சூழ்ச்சி பழையது. முதலில் பெயரைக் கெடுப்பார்கள், பிறகு கூடையைக் கவிழ்ப்பார்கள்.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! ஆலை வாசலில் உங்களுக்குக் கடனாக வடையும் டீயும் கொடுப்பவர் அவர்தான். வயலில் வேலையில்லாத நாளில் கூடை தூக்குபவர் உங்கள் வீட்டுப் பெண்தான். அந்த வசைச் சொல்லை உங்கள் நாவு சொல்ல வேண்டாம். வண்டியைப் பறிக்க வரும்போது, பக்கத்தில் போய் நில்லுங்கள்!