மாத்திரைக்கு ஒரு ஆடிட் வேண்டாமா?

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் பையன் என் ரூமுக்கு வந்தான். ஏதோ நோட்ஸ் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான்.

"அண்ணே, ரெண்டு வருஷமா இதைத்தான் சாப்பிடுறேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன். நிறுத்திடலாமாண்ணே?"

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், நானும் அந்த ஜாதி மாத்திரை சாப்பிடுகிறவன் என்று எப்படியோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது. (நம்ம ஹாஸ்டலில் ரகசியம் என்று எதுவும் கிடையாது.) அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் யாரும் துப்பறிய வேண்டாம். அட்டையை ஒளித்து வைத்திருப்பது அவன் ஒருவன் மட்டும் இல்லை.

முதலில் என் கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருடம், செப்டம்பர் மாதம். மணப்பாறைக்குப் போகிற பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்துப் போனது, மூச்சு வாங்கியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இதயம் சரியாக இருந்தது. பிறகு அதே மாதிரி வகுப்பில் ஒரு முறை, சாப்பாட்டு வரிசையில் ஒரு முறை. அப்பா அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மனநலப் பிரிவில் இதற்குப் பதற்றத் தாக்குதல் என்று பெயர் சொன்னார்கள். காலையில் எஸ்சிடலோப்ராம் 10 மில்லிகிராம், ராத்திரி குளோனசெபாம் 0.5 மில்லிகிராம். ஒரு மாதத்தில் ஓரளவு மனிதனாகிவிட்டேன். அந்த டாக்டருக்கு இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆரம்பித்த வைத்தியத்தில் தப்பே இல்லை.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. தப்பு என்பதைவிட, எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் சரி.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை போவேன். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். எனக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா? தூக்கம் வருதா?" என்று இரண்டு கேள்வி. பிறகு சீட்டில் 'சி.எஸ்.டி.' என்று மூன்று எழுத்து. அப்படியென்றால் 'கன்டினியூ சேம் ட்ரீட்மென்ட்', அதாவது அதே மாத்திரை, அடுத்த பதினைந்து நாளுக்கு. இப்படியே பதினான்கு மாதம் ஓடியது.

நம் வகுப்பு மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். போன வருடக் குளோசிங் பேலன்ஸை இந்த வருட ஓப்பனிங் பேலன்ஸாக எடுத்து எழுதுகிறோம். அதைச் சரிபார்க்காமல் பதினான்கு முறை எடுத்து எழுதினால் ஆடிட்டர் என்ன சொல்வார்? என் மருந்துச் சீட்டும் அப்படித்தான் இருந்தது. எல்லாக் கூட்டலும் சரி, ஆனால் முதல் எண் இன்னும் பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இதற்குள் எட்டு கிலோ கூடியிருந்தேன். மதிய வகுப்பில் தலை தானாகத் தொங்கும். படித்தது மறக்கும். போன நவம்பரில், செமஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், 'மாத்திரையால்தானே இவ்வளவும்' என்று முடிவு செய்து இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். வீரம்!

மூன்றாம் நாள் தூக்கம் போனது. தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடிப்பது போல 'விர்' என்று ஒரு வெட்டு. கை நடுக்கம். பழைய படபடப்பு முன்பைவிட இரண்டு மடங்காக வந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் எண்கள் மிதந்தன. ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். அரியர். அதைவிடப் பெரிய அடி, 'நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுசுக்கும் இந்த மாத்திரைதான்' என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டது. அந்த ஒரு வாரம் நான் நினைத்ததை எல்லாம் இங்கே எழுத விருப்பமில்லை.

அது நோய் திரும்பியதே இல்லை என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

டிசம்பரில் தில்லைநகர் பக்கம் ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் போனேன். போவதற்குள் வீட்டில் ஒரு யுத்தம். அப்பா, "கவர்மெண்ட்ல சும்மா குடுக்கிறதையே காசு குடுத்து வாங்கணுமா?" என்றார். அம்மா, "மாத்திரையே வேணாம் கண்ணு, யோகா பண்ணு" என்றார். மாமா போனில், "ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாதுடா" என்றார். மூன்று பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று பேரில் ஒருவரும் அந்தச் சீட்டைப் படித்துப் பார்த்திருக்கவில்லை.

அங்கே அறுநூறு ரூபாய் ஃபீஸ். உள்ளே முப்பத்தைந்து நிமிடம் இருந்தேன். அந்த மேடம் புது மாத்திரை எதுவும் எழுதவில்லை. பழைய சீட்டுகளை எல்லாம் தேதிவாரியாக மேஜையில் அடுக்கச் சொன்னார். எப்போது ஆரம்பித்தது, எதற்காக, எப்போதிலிருந்து தாக்குதல் வரவில்லை, காபி எத்தனை, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, தலைவலிக்கு என்ன மாத்திரை போடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். (எஸ்சிடலோப்ராம் சாப்பிடுகிறவர்கள் சில வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால் ரத்தக் கசிவு அபாயம் கூடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) எடை பார்த்தார், தைராய்டு பரிசோதனை எழுதினார். தைராய்டு சரியாகவே இருந்தது. எடைக்குக் கொஞ்சம் மாத்திரையும், மீதிக்கு ராத்திரி பரோட்டாவும் காரணம் என்றார் :-)

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

ஒன்று. இரண்டு மாத்திரையும் ஒரே வகை அல்ல. எஸ்சிடலோப்ராம் வேலை செய்யவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் குளோனசெபாம். அது பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்குத்தான். அதற்கு மேல் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும். எனக்கோ பதினான்கு மாதம். பகல் தூக்கத்துக்கும் மறதிக்கும் முதல் சந்தேகம் அதன் மேல்தான் வரவேண்டும்.

இரண்டு. திடீரென்று நிறுத்தியதும் வந்தது நோய் அல்ல, நிறுத்தல் விளைவு. நிறுத்திய சில நாளிலேயே, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற புது அறிகுறிகளோடு வந்தால் அது பெரும்பாலும் மாத்திரையை விட்டதால். நோய் திரும்புவதாக இருந்தால் வழக்கமாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத்தான் வரும். குளோனசெபாம் வகையை நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். நான் அதிர்ஷ்டத்தில் தப்பியிருக்கிறேன்.

மூன்று. நன்றாக ஆன பிறகும் எஸ்சிடலோப்ராம் போன்றவற்றைக் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் வரை தொடரச் சொல்வது வழக்கம். ஆக, அது முடியவே முடியாத மருந்தும் இல்லை, நினைத்த அன்றைக்கு விடுகிற மருந்தும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டும். எனக்கு முதலில் குளோனசெபாம், சிறிது சிறிதாக, மூன்று மாதத்தில்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "அரசு ஆஸ்பத்திரி மோசம், பிரைவேட் உசத்தி" என்று நான் எழுதப்போவதாக நினைத்திருந்தால் மன்னிக்கவும், அது என் கட்சி இல்லை.

நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நாட்டில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிந்தது. மனநல மருத்துவர்களோ லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை, முக்கால் பேர்தான் என்று 2019இல் ஒரு கணக்கு வெளியானது. இந்த விகிதத்தில் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்ததே பெரிய விஷயம். தனியாரிடம் நான் வாங்கியது அதிக அறிவை அல்ல, நேரத்தை. இரண்டு பேரும் படித்தது ஒரே எம்.டி.தான்.

தனியாரிலும் ஐந்து நிமிடத்தில் ஐந்து மாத்திரை எழுதி, கீழேயே உள்ள தன் மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அங்கேயும் 'அதே மாத்திரை' வியாதி உண்டு. ஆகவே எங்கே போகிறோம் என்பதைவிட, போய் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். மாத்திரை வாங்கப் போவது வேறு, மாத்திரையை மறுபரிசீலனை செய்யப் போவது வேறு. "டாக்டர், எனக்கு மருந்து முழுவதையும் ஒரு தடவை சரிபார்க்கணும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதற்காக ஆரம்பித்தது, இன்னும் தேவையா, அளவு சரியா, என்ன பரிசோதனை வேண்டும், எதுவரை, அடுத்து எப்போது பார்ப்பது. இதில் பதில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தாலும் பரிசீலனை முடியவில்லை என்று அர்த்தம். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவும், சிறுநீரகமும் தைராய்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

போகிற இடத்தில் இருப்பவர் மனநல மருத்துவரா (எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி.) என்று பாருங்கள். உளவியல் ஆலோசகர் பேசித் தீர்ப்பதில் பெரிய உதவி செய்வார், ஆனால் மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது அவர் வேலை அல்ல.

"கேள்வி கேட்டால் டாக்டர் கோபப்படுவாரே?" என்று கேட்பீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. என்ன நோய், என்ன சிகிச்சை, அதன் பக்க விளைவு என்ன என்று தெரிந்துகொள்வது அதன்படி நம் உரிமை. நம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். என்னைப் போல அரை மணி நேரம் பேசிவிட்டு வருகிறவனுக்கு ஒரு பைசா கிடையாது.

அறுநூறு ரூபாய் எல்லோராலும் முடியுமா என்றால், முடியாது. எங்கள் வீட்டிலேயே அது சாதாரணத் தொகை அல்ல. அதனால்தான் அந்த மேடம் கடைசியில் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையை எந்த வாரம் எவ்வளவு குறைப்பது என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, "இதைப் பழைய ஆஸ்பத்திரியிலேயே காட்டி மாத்திரை வாங்கிக்கோங்க, மாசாமாசம் இங்க வர வேண்டியதில்லை" என்றார்.

பயந்துகொண்டேதான் அரசு ஆஸ்பத்திரியில் அந்தத் தாளை நீட்டினேன். 'பிரைவேட்டுக்குப் போனியா' என்று திட்டு விழும் என்று நினைத்தேன். அந்த டாக்டர் தாளை முழுக்கப் படித்தார். "நல்ல காரியம் பண்ணினே தம்பி. எங்களால இவ்வளவு நேரம் உக்காந்து கேக்க முடியலை" என்றார். பிறகு அதன்படியே எழுதிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

அரசிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. சீட்டில் இரண்டு கட்டம் கூடுதலாக அச்சடியுங்கள். 'எதற்காக' என்று ஒன்று, 'மறுபரிசீலனைத் தேதி' என்று ஒன்று. அந்தத் தேதியில் வருகிறவருக்கு மட்டும், வாரத்தில் ஒரு மதியம், இருபது நிமிடம். தேதி எழுதியிருந்தால் எத்தனையாவது டாக்டர் பார்த்தாலும் கேள்வி தானாக எழும். எனக்கு அந்தத் தேதி நான்காவது வாரத்தில் எழுதப்பட்டிருந்தால் காஸ்ட் அக்கவுண்டிங்கில் உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

அந்த ஜூனியரிடம் சொன்னது மூன்றுதான். நீயாக நிறுத்தாதே. பழைய சீட்டுகளை எல்லாம் தேடி எடு. ஒரு தடவையாவது, முழுசாகப் பார்க்க நேரம் உள்ள ஒரு டாக்டரிடம் காட்டு. ராத்திரி நேரத்தில் தாங்க முடியாவிட்டால் 14416க்குப் போன் செய். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டு தேட அவன் ஊருக்குப் போகிறான்.

என் நிலவரம்: குளோனசெபாம் மார்ச்சோடு முடிந்தது. எஸ்சிடலோப்ராம் தொடர்கிறது, அடுத்த பரிசீலனை ஆகஸ்டில். ஏப்ரலில் அரியர் எழுதினேன், தாளில் எண்கள் மிதக்கவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை.

டிஸ்கி: நான் பி.காம். மாணவன், டாக்டர் இல்லை. மேலே உள்ள மில்லிகிராம் கணக்கெல்லாம் என் உடம்புக்கு எழுதப்பட்டது. அதைப் பார்த்து யாரும் மாத்திரையை உடைத்துச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம். ப்ளீஸ்.