மணல் வீடும் மண்சரிவும்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஜூஹுக் கடற்கரையில் நம் குழந்தைகள் மணல் வீடு கட்டி விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். உலர்ந்த மணலை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது சரிந்து விடுகிறது. அலை தொட்டுச் சென்ற ஈர மணலால் கட்டினாலோ சுவரும் கோபுரமும் நிற்கின்றன. பிறகு பேரலை ஒன்று வந்து மூடிவிட்டால் அவ்வீடு கூழாகிக் கரைந்து போகிறது. நீரே இல்லாவிடினும் நிற்பதில்லை. நீர் மிகுந்தாலும் நிற்பதில்லை. இதன் காரணத்தைக் குழந்தை கேட்டால், "ஈரம் ஒட்டும்" என்று சொல்லி முடித்து விடுகிறோம். நீர் பசையன்று. உலர்ந்தபின் பசை இறுகும். நீரோ உலர்ந்தால் விட்டுவிடும்.

இம்மும்பை மாநகரில் குன்றுச் சரிவுகளில் குடியிருக்கும் நம்மவர் பலர். அவர்களுக்கு இக்கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று. ஆதலின் இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

பாத்திரத்து நீரின் உள்ளே இருக்கும் ஒரு மூலக்கூற்றை அதன் அண்டையிலுள்ளவை எல்லாத் திசைகளிலும் ஒருங்கே இழுக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூற்றுக்கு மேலே அண்டை இல்லை. அது உள்நோக்கியே இழுக்கப்படுகிறது. இதனால் நீரின் மேற்பரப்பு எப்பொழுதும் சுருங்கவே முயல்கிறது. இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். இங்கிலாந்தில் தாமஸ் யங் 1805-ஆம் ஆண்டிலும், பிரான்சில் லாப்லாஸ் 1806-ஆம் ஆண்டிலும் இதற்கு இலக்கணம் வகுத்தனர்.

இனி, இரண்டு தட்டையான கண்ணாடித் துண்டுகளை நன்றாகக் கழுவி, ஒன்றின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, மற்றதை அதன்மேல் வைத்து அழுத்துவோம். (விளிம்பு கையைக் கிழிக்கும், பெரியவர்களே செய்து காட்டுக.) பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கி நகரும். நேராகப் பிரிக்க முயன்றாலோ பிரிவதில்லை. கண்ணாடியை நனைக்கும் இயல்புடைய நீர், இரு கண்ணாடிகளையும் பற்றிக்கொண்டு வெளி விளிம்பில் உட்குழிந்து நிற்கிறது. அவ்வாறு குழிந்த பரப்பின் இழுப்பினால் உள்ளேயுள்ள நீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து விடுகிறது. வெளிக்காற்று இரு கண்ணாடிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து நெருக்குகிறது.

இவ்விசை எவ்வளவு? பத்து சென்டிமீட்டர் சதுரமுள்ள கண்ணாடிகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது நாம் எழுதும் தாளின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, என்று கொள்வோம். கணக்கிட்டால் ஏறத்தாழ 14 கிலோ எடையைத் தாங்கும் விசை வருகிறது! ஒரு சொட்டு நீர் செய்யும் வேலை இது. இடைவெளி பாதியானால் விசை இருமடங்காகும். இடைவெளி குறுகக் குறுகப் பிடிப்பு வலுக்கும் என்பதை நினைவில் இருத்துக.

அவ்வாறு ஒட்டிய கண்ணாடிகளை ஒரு வாளி நீரில் முழுவதும் அமிழ்த்தி, மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். பிரிந்து விடும். விளிம்பைச் சுற்றிலும் நீரே சூழ்ந்துவிட்டமையால் குழிந்த பரப்பு அங்கே இல்லை. பரப்பு இல்லாவிடில் இழுப்பும் இல்லை. நீரால் பிணைந்தவை நீராலேயே விடுபடுகின்றன.

மணலுக்கு வருவோம். ஈர மணலில் இரு மணிகள் தொடும் இடந்தோறும் ஒரு நுண்ணிய நீர்த்துளி பாலம்போல் நின்று அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. வழவழப்பான சிறு மணியாயின் இப்பிடிப்பு அம்மணியின் எடையைப்போல் சில நூறு மடங்கு இருக்கக்கூடும். மணல் வீட்டுக்கு மிக உகந்த நீரின் அளவு கனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. நம் குழந்தைகள் வாளி வாளியாக ஊற்றுவது வீண் வேலையே!

குன்றின் மண்ணும் இவ்வாறுதான். மணலைவிட நுண்ணிய துகள்கள் கொண்டமையால் அதன் இடைவெளிகள் குறுகியவை, பிடிப்போ வலியது. கோடையில் குன்றைச் செங்குத்தாக வெட்டி, வீட்டின் பின்புறத்தை இரண்டு முழம் பெருக்கிக் கொள்பவர் உண்டு. வெட்டிய மண் சுவர்போல் அசையாது நிற்கும். அதனைக் கண்டு, "பாறைபோல் இருக்கிறது" என்று துணிவு கொள்கிறோம். அது பாறையன்று, சிறிதளவு ஈரம் பிடித்திருக்கும் பிடிப்பு. பருவமழை நாட்கணக்கில் விடாது பெய்து துகள்களின் இடைவெளிகளை நிரப்பிவிட்டால், கண்ணாடிகள் வாளியில் பிரிந்ததுபோல் அப்பிடிப்பு அற்றுப் போகிறது. ஊறிய நீரின் சுமையும் உடன் சேர்கிறது.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் காட்கோபரில் குன்று சரிந்து குடிசைகளை மூடியபோது அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 ஜூலை 18 அன்று செம்பூரை அடுத்த மாகுல் பகுதியில், பெருமழையில் குன்றோரச் சுவர் இடிந்து உறங்கிக் கொண்டிருந்தோர்மேல் விழுந்தது. இவற்றுக்கெல்லாம் நாம் சொன்னது ஒன்றே காரணம் என்று கூறோம். பாறையின் அமைப்பு, சுவரின் வலிமை, சாக்கடையின் நிலை ஆகியனவும் உண்டு. ஆயினும் கோடையில் நின்ற மண் மழையில் ஏன் நிற்கவில்லை என்பதற்கு இதுவே முதல் விடை.

தாங்கு சுவர்களில் வரிசையாகத் துளைகள் விடப்பட்டிருக்கும். மண்ணில் ஊறிய நீர் வடிவதற்காகவே அவற்றை வைத்துள்ளனர். எலி வருகிறதென்றும், அழுக்கு நீர் வாசலில் ஒழுகுகிறதென்றும் அவற்றைத் துணியாலும் சிமெண்டாலும் அடைத்து விடுபவரை நாம் அறிவோம். எலிக்குக் கம்பிவலை போதும். துளை திறந்தே இருக்க வேண்டும். துவைத்த நீரைச் சரிவின் தலைப்பில் கொட்டுவதும் ஆகாது. தொடர்மழையில் மண்ணில் புதிய வெடிப்புத் தோன்றினாலும், சுவர் பிதுங்கினாலும், துளைகளில் தெளிவாக வடிந்த நீர் திடீரெனக் கலங்கி வந்தாலும் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு அக்கணமே வெளியேறிவிடுக. பாத்திரம் பண்டங்களை மழை விட்டபின் எடுத்துக்கொள்ளலாம்.