பழி பேசும் முன் விவரம் பேச வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தாலுகா செய்தியாளர்கள், ஒளிப்பதிவாளர்கள் சங்கம்.

பெறுநர்
1. அரசுச் செயலாளர், தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. இயக்குநர், செய்தி மக்கள் தொடர்புத் துறை, சென்னை.
3. காவல்துறைத் தலைமை இயக்குநர், சென்னை.

நாள்: நவம்பர் 2025

பொருள்: பெருந்துயர் நிகழ்வுகளில் அரசிடம் உள்ள விவரங்களை உடனுக்குடன் வெளியிடுதல், இறந்தோர் குடும்பங்களைக் கேமராவின் நெருக்கடியிலிருந்தும் கட்சிப் பூசலிலிருந்தும் காத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை இரவு, கரூர் வேலுசாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகத்தின் பிரச்சாரக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். பெண்களும் பத்து வயதைத் தொடாத பிள்ளைகளும் அதில் உண்டு. யார் மீது குற்றம் என்று சொல்வதற்காக இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. அது சி.பி.ஐ. விசாரணையில் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் அமைத்த குழு அதை மேற்பார்வையிடுகிறது. அந்த இரவுக்குப் பிறகு நாட்டில் செய்தி எப்படி நடமாடியது, அரசு அலுவலகங்கள் பேசாமல் விட்ட நேரத்தை யார் யார் நிரப்பினார்கள், அதனால் யாருக்கு வலித்தது என்பதைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்கு வெளியூரிலிருந்து முதலில் போய் நிற்பவர்கள் எங்களைப் போன்ற தாலுகா நிருபர்கள். எங்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, வீடியோவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. சென்னை டெஸ்க்கிலிருந்து போன் வரும்: “அம்மா பைட் கிடைச்சுதா?” பைட், அதாவது கேமரா முன் பேசிய பேட்டித் துண்டு, இல்லாத வீடியோ ஓடாது, ஓடாத வீடியோவுக்குக் காசு வராது. பிள்ளையைப் பறிகொடுத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் மைக்கை நீட்டினால் அவர் அழுவார். அழுகை மட்டும் போதாது என்று அடுத்த போன் வரும். யாரைக் குற்றம் சொல்கிறார் என்று கேட்கச் சொல்வார்கள். அந்த நிலையில் அவர் வாயிலிருந்து எந்தப் பெயர் வந்தாலும், அந்தப் பெயருக்கு எதிரான சேனலில் அது நாள் முழுக்க ஓடும். ஆதரவான சேனலில் வெட்டப்பட்டுவிடும். தன் துக்கம் எந்தக் கட்சிக்குச் சாட்சியாகப் போனது என்பதுகூட அந்தத் தாய்க்குத் தெரியாது.

எங்கள் முதலாளிகளிடமும் ஆசிரியர் குழுக்களிடமும் நாங்கள் பேச வேண்டியது தனியே இருக்கிறது, பேசிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் இந்த நிலைமைக்கு அரசின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. எழுதுவதற்கு உறுதியான விவரம் கிடைக்காத இடத்தில்தான் அழுகையும் ஊகமும் செய்தியாகின்றன.

கரூரில் நடந்ததைப் பாருங்கள். காவல்துறையின் உயர் அதிகாரி நிகழ்வை அடுத்துச் செய்தியாளர்களிடம் சில அடிப்படை விவரங்களைச் சொன்னார்: பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று அனுமதி கேட்கப்பட்டது, ஏறத்தாழ 27,000 பேர் திரண்டார்கள், மாலை 3 மணி முதல் இரவு 10 மணி வரை அனுமதி, காலையிலிருந்தே மக்கள் காத்திருந்தார்கள், கட்சியின் தலைவரான நடிகர் வந்து சேர்ந்தது இரவு ஏழு மணிக்கு மேல். உடனே கட்சித் தரப்பிலிருந்து எதிர்க் கேள்விகள் வந்தன. கேட்ட இடத்தைக் கொடுக்காமல் குறுகலான சாலையை ஏன் கொடுத்தீர்கள், போதிய போலீஸ் எங்கே, விளக்கு ஏன் அணைந்தது, தடியடி நடந்ததா, செருப்பு வீசியது யார் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றும் கேட்கத்தக்க கேள்விதான். ஒவ்வொன்றுக்கும் அரசிடம் எழுத்தில் பதிவு இருக்க வேண்டியதுதான்.

மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். துணை மின்நிலையத்தில் எந்த மின்தடத்தில் எத்தனை மணிக்கு மின்சாரம் நின்றது, எப்போது திரும்பியது என்பது பதிவாகும். அந்தப் பதிவின் நகல் மறுநாள் காலையே வெளிவந்திருந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டதா இல்லையா என்ற வாதம் அன்றோடு முடிந்திருக்கும். செப்டம்பர் 30 அன்றுதான் மூத்த அதிகாரிகள் தலைமைச் செயலகத்தில் வீடியோக்களைக் காட்டி விளக்கினார்கள்: மின்சாரத்தை நிறுத்தவில்லை, ஜெனரேட்டர் வைத்திருந்த பகுதிக்குள் கூட்டம் புகுந்ததால் அந்தப் பகுதி விளக்குகள் அணைந்தன என்றார்கள். அதற்குள் மூன்று நாள் போய்விட்டது. அந்த மூன்று நாளில் நூற்றுக்கணக்கான துண்டு வீடியோக்கள் சுற்றிவிட்டன. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய பத்து நொடியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் காட்டியதும் தேர்ந்தெடுத்த காட்சிகளே என்பதால், அதையும் இன்னொரு தரப்பின் வீடியோவாகத்தான் பாதிப் பேர் பார்த்தார்கள். உடற்கூறாய்வு இரவோடு இரவாக நடந்தது ஏன் என்ற சந்தேகமும் அப்படித்தான் வளர்ந்து சட்டமன்றம் வரை போனது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்ற பதிலை மறுநாளே கால அட்டவணையோடு வெளியிட்டிருந்தால், பிணவறையை மேடைப்பேச்சில் இழுத்திருக்க மாட்டார்கள்.

எங்களை மிகவும் வருத்தியது இன்னொன்று. இரண்டாம் நாளிலிருந்து பழி இறந்தவர்கள் பக்கம் திரும்பியது. கைக்குழந்தையோடு ஏன் போனார்கள், சினிமாக்காரரைப் பார்க்கப் போனவர்களுக்கு என்ன இரக்கம் என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள். தொலைக்காட்சி விவாதங்களிலும் அதையே கௌரவமான சொற்களில் கேட்டார்கள். நம் ஊர்களில் தேருக்கும் திருவிழாவுக்கும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போகிறோம். எல்லாக் கட்சிகளும் குடும்பம் குடும்பமாக வரச் சொல்லித்தான் அழைக்கின்றன. அழைத்துவிட்டு, வந்ததற்காக இறந்தவரைக் குற்றம் சொல்வது பெரிய அநீதி.

இந்த அநீதி நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நெரிசல் ஏற்பட்டது; அதில் இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். நான்கே நாளில் ‘தி சன்’ பத்திரிகை தன் முதல் பக்கத்தில் லிவர்பூல் ரசிகர்கள் மீது பழி போட்டது. இறந்தவர்களின் சட்டைப் பையில் அவர்கள் திருடியதாகவும் எழுதியது. அதற்குத் தகவல் தந்தவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். 2012-ல் சுயாதீனக் குழு ஒன்று லட்சக்கணக்கான பக்க ஆவணங்களை வெளியிட்டபோதுதான் அந்தச் செய்தி பொய் என்பதும், காவலர்களின் வாக்குமூலங்கள் நூற்றுக்கு மேல் திருத்தப்பட்டிருந்ததும் தெரிந்தது. 2016-ல் மரண விசாரணையின் நடுவர் குழு ரசிகர்கள் மீது தவறில்லை என்றது. நாங்கள் கவனிக்கச் சொல்வது இரண்டு விஷயங்களை. உண்மையை வெளியே கொண்டுவந்தது ஆவணங்களை முழுமையாக வெளியிட்டதுதான். அந்தச் சுயாதீனக் குழு தன் முடிவுகளை எவருக்கும் முன்பாக இறந்தவர்களின் குடும்பங்களிடம்தான் சொன்னது. அந்தக் குடும்பங்கள் இதற்காக 23 வருடம் காத்திருந்தன. நம் குடும்பங்களை அப்படிக் காக்க வைக்காதீர்கள் என்று கேட்கிறோம்.

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. பலர் உயிரிழக்கும் எந்த நிகழ்விலும், அனுமதி கேட்ட மனு, காவல்துறை விதித்த நிபந்தனைகள், பணியில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் இடமும், 108 ஆம்புலன்ஸ் அழைப்புகளின் நேரம், மின்வாரியப் பதிவு, மருத்துவமனைக்கு எத்தனை மணிக்கு எத்தனை பேர் கொண்டுவரப்பட்டார்கள் என்ற விவரம் ஆகியவற்றை 72 மணி நேரத்துக்குள் தமிழில், முழுமையாக, ஒரே இடத்தில் வெளியிட அரசாணை வேண்டும். தனியாரின் பெயரும் நோய் விவரமும் இருக்கும் இடங்களை மறைத்துக்கொள்ளலாம். விசாரணைக்குத் தடையாகும் என்று ஏதேனும் ஓர் ஆவணத்தை நிறுத்திவைத்தால், இன்ன ஆவணம், இன்ன காரணம் என்று எழுதியே சொல்லுங்கள். ஆளுங்கட்சிக்குச் சங்கடம் என்பதும் எதிர்க்கட்சிக்குச் சாதகம் என்பதும் காரணமாகக் கூடாது. இன்றைக்கு ஆளுபவர்கள் நாளை எதிர்வரிசையில் உட்காருவார்கள். இந்த அரசாணை அன்று அவர்களுக்கும் தேவைப்படும்.

இதோடு சேர்ந்தது, முதல் இரவின் ஏற்பாடு. மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் அதிகாரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுத்து வடிவில் ஓர் அறிக்கை, அதில் இறந்தோர், சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை. இவ்வளவு போதும். இறந்தவரின் பெயரை உறவினருக்குச் சொன்ன பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வந்த பட்டியலைப் பார்த்துத் தன் அண்ணன் இறந்ததைத் தெரிந்துகொள்ளும் நிலை எந்தத் தம்பிக்கும் வரக் கூடாது.

மருத்துவமனை வார்டுக்குள்ளும் பிணவறை வாசலிலும் கேமராவுக்கு ஓர் எல்லைக்கோடு போடுங்கள். நாங்கள் அதற்குக் கட்டுப்படுகிறோம். ஆனால் அந்தக் கோடு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். எங்களை வெளியே நிறுத்திவிட்டு, அமைச்சரோடும் கட்சித் தலைவரோடும் வரும் புகைப்படக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினால் அது விதியாகாது. ஆறுதல் சொல்ல வரும் தலைவர்கள் வரட்டும், கேமரா இல்லாமல் வரட்டும். காயம்பட்ட பிள்ளைகளின் முகத்தைக் காட்டுவது பற்றிப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. விபத்து, மரணக் காட்சிகளை அப்படியே ஒளிபரப்ப வேண்டாம் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரியில் சேனல்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இவற்றை மாவட்டந்தோறும் நடைமுறைக்குக் கொண்டுவந்தால் போதும்.

குடும்பங்களைப் பற்றி இன்னும் முக்கியமான ஒன்று. கரூர் நிகழ்வில் முதலில் ஒரு நபர் விசாரணை ஆணையம் வந்தது. அக்டோபர் 3-ல் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி, ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் மேற்பார்வைக் குழுவை நியமித்தது. பதினாறு நாளில் மூன்று விசாரணைகள். இதற்கு நடுவில், எதற்கென்று சரியாகத் தெரியாமலேயே தங்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுதாரர்கள் தரப்பிலேயே சொல்லப்பட்டது. அது உண்மையா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். அப்படி ஒரு பேச்சு எழ இடம் இருந்ததே போதிய காரணம்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டாலும் அவர் படித்துச் சொன்ன பிறகே இடட்டும். நிவாரணக் காசோலை கொடுக்கும் நிகழ்ச்சியைப் படம் எடுக்கும் விழாவாக்காமல் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள்.

வதந்தி பரப்பியதாகப் போடப்படும் வழக்குகள் குறித்தும் சொல்ல வேண்டும். கரூருக்குப் பிறகு பலர் மீது வழக்குப் பதிவானது. ஒரு யூடியூப் செய்தியாளர் கைது செய்யப்பட்டார். இல்லாத சாவை இருப்பதாகச் சொல்பவர் மீதும், பழைய வீடியோவைப் புதியதென்று தெரிந்தே பரப்புபவர் மீதும் நடவடிக்கை எடுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. கேள்வி கேட்டவரையும் தவறான முடிவுக்கு வந்தவரையும் அதே வண்டியில் ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறோம். அரசு தன் விவரங்களை வெளியிடாத காலத்தில் ஊகித்துப் பேசியதற்காக எவரையும் கைது செய்யக் கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவில் செய்தியாளர் மீது வழக்குப் பதிவதற்கு முன், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மேற்பட்ட நிலையில் உள்ள அதிகாரி எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்.

விசாரணை ஆணையங்களின் அறிக்கைகள் குறித்த சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம், அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. ஆனால் அறிக்கை வருவதற்கே வருடங்கள் போகின்றன. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு நடந்தது 2018 மே மாதம். அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். நீதிமன்றத் தீர்ப்பும் அப்படித்தான்: கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் 2004 ஜூலை 16 அன்று கருகினார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஜூலையில் வந்தது. ஒன்றாம் வகுப்பில் இருந்த தம்பியோ தங்கையோ அதற்குள் பத்தாம் வகுப்பையே முடிக்கும் காலம் அது. ஆணையம் அமைத்தால் காலக்கெடுவோடு அமையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடைக்கால நிலை அறிக்கை வெளியாகட்டும். எந்த அறிக்கையானாலும் சட்டமன்றத்தில் வைக்கும் அன்றே தமிழ்ப் பிரதி இறந்தோர் வீடுகளுக்குப் போய்ச் சேரட்டும்.

கடைசியாக எங்களுக்காக ஒன்றே ஒன்று. பத்திரிகையாளர் நல வாரியத்தின் உதவிகள் தாலுகா அளவில் செய்திக்குக் கூலி பெறுபவர்களுக்கும் கிடைக்க வழி செய்யுங்கள். நெரிசலுக்குள்ளேயே நின்று படம் பிடிக்கும் எங்கள் ஒளிப்பதிவாளர்கள் பலருக்கு விபத்துக் காப்பீடு இல்லை. அடையாள அட்டைகூட இல்லை.

மேற்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலிக்க, செய்தித் துறை, உள்துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளோடு எங்கள் பிரதிநிதிகளையும், விருப்பம் தெரிவிக்கும் இறந்தோர் குடும்பத்தினரையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்துமாறு வேண்டுகிறோம். 2026 சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரம் சூடுபிடிக்கும் முன், வரும் டிசம்பர் மாதத்துக்குள் அந்தக் கூட்டம் நடந்தால் பயன் இருக்கும். எந்தெந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை ஏற்க இயலாது, ஏன் என்பதை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்.

நகல்: அனைத்து மாவட்ட ஆட்சித் தலைவர்கள், தலைவர், இந்தியப் பத்திரிகை மன்றம், புது தில்லி, உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு, சென்னை.