கண்ட்ரோல்-ஈ அழுத்தினால் போதுமா?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் கண்ட்ரோலையும் ஈ-யையும் சேர்த்து அழுத்தினால் போயிங் 737-800-ன் இரண்டு இன்ஜினும் தானே கிளம்பிவிடும். "வேலை மிச்சம்" என்கிறார்கள் என் வயதொத்த நண்பர்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஜெட் இன்ஜினைக் கார் மாதிரி சாவி திருப்பிக் கிளப்ப முடியாது. முதலில் வாலில் உள்ள சின்ன இன்ஜின், ஏ.பி.யு., ஓட வேண்டும். அது தரும் அழுத்தக் காற்றுதான் ஸ்டார்ட்டரைச் சுழற்றும். காற்று பங்கு போகக் கூடாது என்பதால் ஏ.சி. பேக்குகளை அணைக்க வேண்டும். என்2 என்னும் உட்சுழலி வேகம் 25 சதவீதத்தைத் தொட்ட பிறகே எரிபொருள் லீவர். அப்புறம் கண் வெப்பநிலையை விட்டு நகரக் கூடாது. 725 டிகிரியைத் தாண்டும்போல் இருந்தால் எரிபொருளை உடனே நிறுத்த வேண்டும்.

"ஏர்பஸ் ஏ320-ல் நிஜத்திலேயே கம்ப்யூட்டர்தானே கிளப்புகிறது?" என்று மடக்குவார்கள். சரிதான். ஆனால் அங்கும் மாஸ்டர் சுவிட்சைப் போடுவது மனிதக் கை, கவனிப்பது மனிதக் கண்.

ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்? மூளை துருப்பிடிக்காமல் இருக்கத்தானே இதில் உட்கார்ந்தோம்? அந்த ஐந்து நிமிஷ யோசனையையும் இரண்டு பொத்தானிடம் கொடுத்துவிட்டால், டி.வி. சீரியலே தேவலை.