கடுமையும் கொடுமையும்

‘வீர மரணம்’ என்ற சொல் நம் நாட்டில் மிகவும் மலிந்துவிட்டது. போர்க்களத்தில் எதிரியின் குண்டுபட்டு விழுகிறவனுக்கும் அந்தச் சொல்தான். பாடம் படிக்கப் போன இடத்தில், நடுவானில் நின்றுபோன இயந்திரத்தோடு தரையில் மோதிச் சாகிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் அந்தச் சொல்தான். முன்னவனுக்கு அது மரியாதை. பின்னவன் விஷயத்தில் அது மூடுதுணி. யாருடைய அலட்சியத்தால் செத்தான் என்று நாம் வாயெடுப்பதற்குள் மாலையைச் சாத்தி, வேட்டு முழக்கி, காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்குப் போர் விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பேருடன் எங்கள் ஊர் ஸ்டேஷனில் நின்றுபோயிற்று. சுற்றிலும் வெள்ளம். விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்துதான் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது; ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கிக் கரை சேர்த்தது. ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது. அந்த ஹெலிகாப்டர் விமானியும் சரி, ஒலியை முந்திப் பறக்கிற போர் விமானியும் சரி, அரிச்சுவடி படிப்பது ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள துண்டிகல் விமானப் படை அகாடமியில்தான். கும்பிட்டவர்களுக்கு, அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று கேட்கவும் பாத்தியதை உண்டு.

பயிற்சியின் கடுமையைப் பற்றி எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. விமானம் ஓட்டும் இயல்பு ஒருவனுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சை வாழ்நாளில் ஒரே தடவைதான், தவறினால் தவறியதுதான். போர் விமானம் சடாரென்று திரும்பும்போது உடம்பின் பாரம் ஒன்பது மடங்குவரை ஏறும். அறுபது கிலோ ஆள் அந்தக் கணத்தில் 540 கிலோ! தலையிலுள்ள ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருளும், நினைவு தப்பும். காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி விட்டு வாங்கி, அந்த நிலையிலும் புத்தி கலங்காமல் இருக்கப் பழக வேண்டும். இதற்கென்றே பெங்களூரில் ராட்டினம் போன்ற ஒரு யந்திரத்தில் வைத்துச் சுழற்றுகிறார்கள். 2016 முதல் பெண்களும் இந்தப் பயிற்சியில் தேறிப் போர் விமானிகளாகியிருக்கிறார்கள்.

சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் சலுகை கிடையாது. வாத்தியார்களுக்கு என்றே ஒரு பள்ளிக்கூடம் 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் நம் தாம்பரத்துக்கு வந்தது. நன்றாகப் பறக்கத் தெரிந்தவன் அங்கே போய், பறக்கக் கற்றுக் கொடுப்பது எப்படி என்று மறுபடியும் மாணவனாகிப் படிக்கிறான்.

“இத்தனை மாதம் படிக்க வைத்துவிட்டு, லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்களே, இது அநியாயமில்லையா, அண்ணாச்சி?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அநியாயமே இல்லை. பையனுக்கு மனவருத்தம்தான், ஆனால் உயிரோடு வீட்டுக்கு வருகிறான். தாட்சண்யம் பார்த்துத் தேற்றிவிட்டால், பிறகு வருவது தந்தி மாதிரி ஒரு செய்திதான். அந்தக் கடுமைக்குள் கருணை இருக்கிறது.

நான் சண்டைக்கு நிற்பது வேறொன்றோடு. கடுமை என்ற பெயரை மாட்டிக்கொண்டு கொடுமை ஒன்று கால் நூற்றாண்டு நடந்தது.

பயிற்சி படிப்படியாக ஏற வேண்டும். கிரண் என்ற சாதுவான பயிற்சி விமானத்துக்கும், ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகிற மிக்-21க்கும் நடுவே ஒரு படி தேவை. மிக்-21 தரையிறங்குவதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். 1971 யுத்தத்தில் பேர் வாங்கிய விமானம் அது. கை தேர்ந்தவனுக்கு நல்ல குதிரை. அப்போதுதான் சவாரி பழகுகிறவனை அதன்மேல் ஏற்றலாமா? நடுப்படியாக உயர்தரப் பயிற்சி விமானம் வேண்டுமென்று லா ஃபோன்டெய்ன் குழு 1982இலேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். ஹாக் விமானம் பீதரில் படையில் சேர்ந்தது 2008இல். இருபத்தாறு வருஷம்! இதற்கிடையே அஸ்ஸாமில் தேஜ்பூரில் இளம் விமானிகளை மிக்-21இலேயே ஏற்றிப் பழக்கினார்கள். நடுப்படி இல்லாத ஏணியில் தாவச் சொல்லிவிட்டு, தவறி விழுந்தவனை வீரன் என்றார்கள்.

வாங்கிய 872 மிக் விமானங்களில் பாதிக்கு மேல் விபத்தில் போய்விட்டன, 171 விமானிகளும் 39 பொதுஜனங்களும் மாண்டார்கள் என்று 2012இல் பாதுகாப்பு மந்திரியே பார்லிமெண்டில் கணக்குச் சொன்னார். எல்லாமே பயிற்சிக் குறைவால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. இயந்திரக் கோளாறு உண்டு. பறவை மோதுவதும் உண்டு. ஆனால் நிபுணர்கள் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் வைத்தியம் பாராதவர்கள், நோயாளி விதி முடிந்து செத்தான் என்று சொல்ல வாயில்லை.

“பட்டாளம் என்றால் சாவு வரத்தானே செய்யும்?” என்பார் சிலர். யுத்தத்தில் வரும், வரட்டும் என்று துணிந்துதான் அவன் போகிறான். வகுப்பறையில் எதற்கு வர வேண்டும்? “பணம் வேண்டாமா?” என்பார் இன்னும் சிலர். விழுந்து நொறுங்கிய விமானங்கள் இனாமாக வந்தவையா? பிள்ளையை இழந்த தாய்க்கு என்ன விலை போட்டுக் கொடுப்பீர்கள்?

பழைய கதை என்று தள்ளவும் வழியில்லை. முதற்படிக்கான எச்.பி.டி.-32 விமானத்தை, 2009இல் இரண்டு விமானிகள் இறந்த பிறகுதான் நிறுத்தினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து மாற்று விமானம் வந்து சேர 2013 ஆயிற்று. அதிலும் 64 விமானங்களில் 16இல் எண்ணெய்க் கசிவு கண்டதாகத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2024 இறுதியில் சொல்கிறது. 2015இல் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021இல் 596 ஆகிவிட்டதாம். 2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21க்குப் பிரிவுபசாரம் நடந்தது; பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. தணிக்கை அறிக்கைக்கு அப்படி உருகினவர்கள் எத்தனை பேர்?

2019இல் அபிநந்தன் எதிரி மண்ணில் விழுந்து மீண்டு வந்தபோது, ஊர் ஊராகச் சலூன்களில் அவருடைய மீசையை வைத்துக்கொண்டோம். மீசை அழகுதான். சிறைப்பட்ட இடத்தில் நிலைகுலையாமல் பேசினாரே, அது மீசை கொடுத்த தைரியமா? வருஷக்கணக்கான பயிற்சி கொடுத்தது. அதை யாரும் காப்பியடிக்கவில்லை.

எங்கள் கரையில் 1961வரை முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்குகிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள். தங்கை தாலியறுக்கக் கூடாதே என்ற பயத்தில் அவன் கண்ணிமைக்காமல் கயிற்றைப் பிடித்திருப்பானாம். மூழ்குகிறவனின் மூச்சு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது மேலே இருக்கிறவனின் கவனம். கயிற்றை நழுவவிட்டவன் கரைக்கு வந்து, “என் மச்சான் மகா வீரன்!” என்று பிரசங்கம் செய்தால் பரதவர் கேட்டுக்கொண்டிருப்பார்களா?

நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த தடவை ஒரு பயிற்சி விமானம் விழுந்த செய்தி வரும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு, கயிறு யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, வாசலில் நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.